சம்பளம், ஊதியம், கூலி மூணும் ஒண்ணுதானா?

கேள்வி:
வணக்கம். ஆபீஸ் ஃபார்ம் எல்லாத்தையும் சரிபண்ணிட்டு இருக்கேன். மாசச் சம்பளக்காரங்க ஃபார்ம்ல 'ஊதியம்', டெய்லி வர்றவங்க ஃபார்ம்ல 'கூலி'ன்னு முன்னாடி யாரோ போட்டு வச்சிருக்காங்க. நேத்து கையெழுத்து போட வந்த அக்கா ஒருத்தங்க அந்த 'கூலி' மேல விரல வச்சு, "எங்களுக்கு மட்டும் ஏன் தம்பி இப்படி?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியல. நிஜமாவே வித்தியாசம் இருக்கா? அப்புறம் சம்பா நெல்லும் அளம்ங்கற உப்பும் சேந்துதான் சம்பளம்னு வாட்ஸ்அப்ல வருதே, அது சரியா?

பதில் 1:
பேச்சுல வித்தியாசம் இருக்குங்க. மாசம் பொறந்தா வர்றது சம்பளம், இந்த வேலைக்கு இவ்வளவுன்னு பேசி வாங்குறது கூலி. தையக்கூலி, ஏத்துக்கூலி, நகைக்கு செய்கூலின்னுதான் சொல்றோம், தையச் சம்பளம்னு யாரும் சொல்றதில்ல. ஊதியம் எழுத்துல மட்டும்தான், "ஊதியம் போட்டாச்சா"ன்னு யார் கேக்குறா? எங்க பாட்டி ஸ்கூல் ஃபீஸையே "பள்ளிக்கூட சம்பளம்"னுதான் சொல்லுவாங்க.

பதில் 2:
சம்பா + அளம் கதை ஒரு தரப்பு சொல்றது. ஆனா உப்பளம்னு சொல்றப்ப அளம்ங்கறது உப்பு விளையற இடம், அதனால எனக்கு அது ஒட்டல. சமஸ்கிருதத்துல 'சம்பல'ன்னா வழிப்பயணத்துக்கு கட்டிட்டுப் போற சாப்பாடு, அதுலேர்ந்து வந்துச்சுங்கறது இன்னொரு தரப்பு, எனக்கு இதுதான் பொருத்தமா தெரியுது. ஊதியம் குறள்லயே இருக்கு, ஆனா அங்க அர்த்தம் லாபம். 449வது குறள் பாருங்க, "முதலிலார்க்கு ஊதியமில்லை", முதல் போடாதவனுக்கு லாபம் கிடையாதுன்னு.

பதில் 3:
அந்த அக்கா கேட்டது நியாயம். கூலி தாழ்ந்த வார்த்தையே இல்ல, 619வது குறள்ல "மெய்வருத்தக் கூலி தரும்"னு வள்ளுவர் உழைப்போட பலனுக்கே அதத்தான் போட்டிருக்கார். நம்ம மொழியில கூலிங்கறது காசு, வாங்குறவர் கூலியாள். வெள்ளைக்காரன் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு கப்பல்ல ஏத்திட்டுப் போன காலத்துல ஆளையே 'கூலி'ன்னு கூப்பிட்டான், தென்னாப்பிரிக்காவுல அது வசைச்சொல்லாவே ஆயிருச்சு, காந்தியையே 'கூலி பாரிஸ்டர்'னு சொன்னாங்க. நம்மாளுங்களும் "கூலிக்கு மாரடிக்கிறான்"னு ஏளனமா பேசிப் பேசி அந்த வார்த்தைய கீழ இறக்கிட்டோம். குறள்ல நல்ல அர்த்தம்னு இப்ப அவங்ககிட்ட விளக்கம் சொன்னா மனசு ஆறாது, ஒரே கூரைக்கு கீழ வேலை பாக்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை எதுக்கு? குறைந்தபட்ச ஊதியம்னுதானே பொதுவா எழுதுறோம், எல்லாருக்கும் ஊதியம்னே போடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ரெண்டு ஃபார்ம்லயும் ஊதியம்னே மாத்திட்டேன், 'தினக்கூலி' இருந்த இடத்துல 'நாள் ஊதியம்'. ஏத்துக்கூலி பில்ல மட்டும் அப்படியே விட்டுட்டேன், அது வேலைக்கான காசுதானே. திங்கக்கிழமை அந்த அக்கா வர்றதுக்குள்ள மேனேஜர்கிட்ட ஓகே வாங்கி பிரிண்ட் எடுத்து வைக்கணும்.