பழைய ஸ்போர்ட்ஸ் காரில் திடீரென்று கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகியதா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

என் கார் 1997 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின், முன்விளக்குகள் எழும்பி வருமே, அந்த வண்டி. பதினொரு வருஷமாக என்னிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாசப்பிலிருந்து ஸ்னேக் பாஸ் என்ற இங்கிலாந்து மலைச்சாலை வழியாக ஷெஃபீல்டு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மேல்கூரையை மடக்கிவிட்டிருந்ததால் முதலில் வாசனை தெரியவில்லை. ஏற்றம் முடிந்து, ஆடுகள் சாலையைக் கடக்க நிறுத்தியபோதுதான் வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவைத் தாண்டியிருந்தது. அடுத்த நிமிஷமே அது சரசரவென்று கீழே இறங்கியது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். முள் இறங்கினால் சூடு தணிந்துவிட்டது என்று மனசு நம்பப் பார்க்கும். நம்பிவிடாதீர்கள். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மையான சூட்டைக் காட்டும். அதைச் சுற்றிக் காற்று வந்துவிட்டால், முள் காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவியது போலக் குளிர்காற்று அடித்தது. ஹீட்டருக்குள் ஓடக் கூலண்ட் இல்லை என்று புரிந்துவிட்டது. அங்கேயே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தேன்.

குனிந்து பார்த்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியை நான் தொடவில்லை. சூடாக இருக்கும்போது உள்ளே 13 பி.எஸ்.ஐ வரை அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலண்ட் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இழுவை வண்டி வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியை இறக்கிவிட்ட கராஜில், தூக்கிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட்டாக இருக்கும், இல்லையென்றால் வாட்டர் பம்ப். இந்த வயசுக் காருக்கு இவ்வளவு செலவழிக்க வேண்டுமா, யோசியுங்கள்" என்றார்கள். ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரை வரை போனது இந்தக் காரில்தான். ஊகத்தை நம்பி அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அந்த ஊகத்தின் விலையும் சின்னதில்லை. இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். ஆனால் பம்பைக் கழற்ற வேண்டுமென்றால் டைமிங் பெல்ட் வரை அவிழ்க்க வேண்டும். ஊகம் தப்பானால் ஒரு முழு நாள் வேலை வீண்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹெட் கேஸ்கட் போனால் கூலண்ட் எண்ணெயில் கலக்கலாம். ஆனால் ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த மாதிரி எதுவும் படிந்திருக்கவில்லை. டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் சுத்தம். அப்புறம் நண்பரிடமிருந்து பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்கினேன். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் கைப்பம்பு அது, மேலே ஒரு அளவுமானி இருக்கும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பி, 13 வரை அடித்தேன். இரண்டு நிமிஷத்தில் 9-க்கு வந்துவிட்டது. கசிவு இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சமையலறை டிஷ்யூ நினைவுக்கு வந்தது. கிழித்துக் கிழித்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றினேன். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருந்தது வயசாகிப் பழுப்பாகிவிட்டது. பழுப்பானால் விரிசல் விடும் என்று இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த நிறத்துக்குப் பயப்படுவார்கள், நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன். டிஷ்யூ காய்ந்திருந்தது. பம்ப் பக்கம் காய்ந்திருந்தது. கடைசியாக எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலை (எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டை) ஒட்டி ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள். அங்கே கண்ணும் எட்டாது, கையும் பாதிதான் நுழையும். ஒரு டிஷ்யூ மட்டும் ஓரத்தில் பச்சைக் கறையோடு ஈரமாக வந்தது.

சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் பிடித்துப் பார்த்தேன். கிளிப்புக்கு அரை அங்குலம் தள்ளி, ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. அழுத்தம் ஏற்றினால் வாய் திறந்து மெல்லிய நூலாகப் பீய்ச்சியது. அழுத்தத்தை விட்டால் மூடிக்கொண்டது. கராஜில் ஆறிய வண்டியை வெறுமனே தூக்கிப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்பது விளங்கியது. அங்கிருந்து எஞ்சினின் முதுகில் வழிந்து கியர்பாக்ஸ் பக்கம் வந்து சொட்டியிருக்கிறது. சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் வழிந்து வந்த பாதையை மேலே வரைக்கும் பிடித்துப் போங்கள்.

இரண்டு ஹோஸும் சேர்த்து 20 பவுண்டுக்குள் முடிந்தது. பழுப்பேறிய ரேடியேட்டரையும் கையோடு மாற்றினேன். ஹெட் கேஸ்கட் சந்தேகம் மனசை விட்டுப் போகட்டும் என்று நீலத் திரவச் சோதனையும் செய்தேன். எரிந்த வாயு கூலண்டில் கலந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். நீலமாகவே நின்றது.

இன்னொன்று: தரையில் சிந்தியதை நன்றாகக் கழுவிவிடுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் பூனையும் நாயும் நக்கிவிடும். அது அவற்றுக்கு விஷம்.

உங்களுக்கு எங்கே ஒழுகியது? எழுதுங்கள்.

———

நான் மலேசியா. இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். இரண்டையும் சேர்க்கும் குழாய்கள் வண்டியின் அடியில் நெடுகப் போகின்றன. கெந்திங் மலை ஏறி இறங்கிய மறுநாள், காடிக்கு (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நடுவில், அடியில் ஈரம். ஏர்கான் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். நம் ஊர் வெக்கைக்கு அது எந்நேரமும் சொட்டும். இரண்டு நாள் கழித்து விரலால் தொட்டுத் தேய்த்தேன், வழவழவென்று இருந்தது. ஏர்கான் தண்ணீர் அப்படி வழுக்காது, வாடையும் வராது. அடிக்குழாயில் துரு பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது.

குழாயை மாற்றியது சுலபம். அதற்குப் பிறகுதான் பாடுபட்டேன். இந்தக் காடிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கூலண்ட் பிடிக்கும், நீளக் குழாயில் காற்று சிக்கினால் வெளியே வராது. நிரப்பிய பத்து நிமிஷத்தில் மறுபடி சூடேறியது. முன்பக்கத்தில் ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியே காற்று வெளியேற்றும் இடம் உண்டு. அவற்றில் ஒளி ஊடுருவும் ட்யூபை மாட்டி உயரத் தூக்கிக் கட்டி, குமிழ் நிற்கும்வரை ஊற்ற வேண்டும். பட்டறையில் இதைச் செய்யாமல் கொடுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

———

ஏர்கான் தண்ணீர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. நேற்று அதே ஸ்னேக் பாஸில் ஏறி, லேடிபவர் நீர்த்தேக்கம் வரை போய் நிறுத்தினேன். எஞ்சின் ஆறியதும் பானட்டைத் திறந்து, பின்பக்க ஹோஸில் சுற்றி வைத்திருந்த டிஷ்யூவை உருவினேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது.