தறிச் சத்தத்தில் அப்பாவின் காது போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பா குமாரபாளையத்தில் 22 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். இப்போது குக்கர் விசில்கூடக் கேட்பதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "என்ன, என்ன" என்று எழுந்தே வந்துவிடுகிறார். ஆடியோகிராமில் (காது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) 4000 ஹெர்ட்ஸில் பள்ளம், அதாவது அந்தக் கீச்சு ஒலி சரியாகக் கேட்பதில்லை. இரைச்சலால் வந்தது, போனது திரும்பாது என்றார் டாக்டர்.

பட்டறையில் மொபைல் ஆப் 98 டெசிபல் காட்டியது. ஆப்தான், அப்படியே நம்ப முடியாது. ஆனால் 8 மணி நேர வேலைக்கு வரம்பே 90. அப்பா காதில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்வதோடு சரி. ஓனரோ "பழகிடும்" என்கிறார்.

சட்டப்படி இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய். இதற்காக இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீடு) பணம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தக் காகிதத்தோடு, எங்கே தொடங்க வேண்டும்? அப்புறம், இந்த வெக்கையில் வியர்த்து நழுவாத காதடைப்பான் எது?