ஆர்எஃப் மெஷினில் சுரிமிக் கட்டி: மூலை வேகுது, நடு கல்லாவே இருக்கு. உதவி தேவை

சங்கரா_சிங்கை:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் மீன் உருண்டை செய்யும் ஆலை ஒன்றில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். உறைந்த சுரிமி (கழுவி அரைத்த மீன் சதை) கட்டிகளை இளக்க முதலாளி ஒரு பழைய ஆர்எஃப் (ரேடியோ அலையால் சூடேற்றும்) மெஷினை வாங்கிப் போட்டிருக்கிறார். 27.12 மெகாஹெர்ட்ஸ், வால்வ் ஆசிலேட்டர் (வெற்றிடக் குழாய் வைத்து அலையை உண்டாக்குவது), பெயர்ப்பலகையில் 10 கிலோவாட். மேல்தட்டு ஏறி இறங்கும், கீழ்த்தட்டுக்கு மேலே பெல்ட் ஓடும். இது வருவதற்கு முன்னால் கட்டிகளை ராத்திரி முழுக்கச் சில்லரில் வைத்துக் காலையில் எடுப்போம்.

பிரச்சினை இரண்டு. 10 கிலோ கட்டியின் மூலைகள் வெந்து வெள்ளையாக இறுகிவிடுகின்றன. விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி இருக்கிறது. அதே கட்டியை உடைத்தால் நடுவில் கத்தி இறங்காது. மேல்தட்டை உயர்த்திப் பார்த்தேன். நேரம் கூடியதே தவிர மூலை அப்படியேதான்.

அடுத்தது, காலையில் நன்றாக ஓடும் மெஷின் பத்து மணிக்கு மேல் ஆனோட் கரன்ட் (வால்வ் இழுக்கும் மின்னோட்டம்) திடீரென்று எகிறி டிரிப் ஆகி நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தால் லேசாகக் கருகிய வாடை. ரீசெட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடி மறுபடி டிரிப். விற்றவர் வால்வை மாற்றச் சொல்கிறார். வால்வ் விலையைச் சொன்னால் முதலாளி மயங்கி விழுவார். யாராவது வழி சொல்லுங்கள்.

வால்வ்_அண்ணன்:
வால்வை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. பத்து மணிக்குக் கெட்டுப்போன வால்வ் மறுநாள் காலையில் தானாகக் குணமாகி வராது.

முதலில் ஒன்று. ரீசெட் தட்டித் தட்டி ஓட்டாதீர்கள். கருகல் வாடை வந்தால் உள்ளே எங்கோ பொறி ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதை ஆழமாகும். திறந்து பார்ப்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். உள்ளே பல ஆயிரம் வோல்ட் டிசி இருக்கிறது, மெயினை அணைத்த பிறகும் கபாசிட்டரில் தேங்கி நிற்கும். எர்த் கம்பியால் அதை இறக்காமல் கை வைக்கக் கூடாது. கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சை ஜம்பர் கம்பி போட்டுத் தாண்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள்.

இப்போது சொல்லுங்கள். கட்டி அட்டைப்பெட்டியோடு போகிறதா? பெல்ட்டில் எவ்வளவு இடைவெளி? உள்ளே நுழையும்போது மூலையில் என்ன வெப்பநிலை, எதை வைத்து அளக்கிறீர்கள்?

சங்கரா_சிங்கை:
பெட்டியோடுதான் அண்ணே, ஒரு பெட்டியில் 2 கட்டி. பெல்ட்டில் பெட்டிக்குப் பெட்டி ஒரு சாண் விடுகிறோம், சூடு சுற்றிலும் படட்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். கோல்டுரூம் மைனஸ் 18. அளப்பது இன்ஃப்ராரெட் கன்னால். நுழையும்போது மைனஸ் 12, 13 காட்டும்.

ஈரோட்டுக்காரன்:
நான் ஊரில் சாயப்பட்டறையில் நூல் கோன் காயவைக்கும் ஆர்எஃப் டிரையர் ஓட்டியவன், இப்போது உட்லண்ட்ஸில் வேறு வேலை. எங்கள் அனுபவம் இது. சாயம் போட்ட கோனை முதலில் சுற்றிப் பிழிந்து தண்ணீரைக் கழிப்போம், மிச்ச ஈரத்துக்குத்தான் ஆர்எஃப். ஈரம் அதிகமுள்ள இடம் பவரை அதிகம் குடிக்கும். காய்ந்த இடம் குடிக்காது. வெளிச்சுற்று, உள்சுற்று எல்லாம் தானாக ஒரே ஈரத்துக்கு வந்து நிற்கும். சூடான காற்று டிரையரில் அந்த அழகு வராது. இங்கேயும் அதே கணக்குதானே? பவரைக் குறைத்து இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சமமாகிவிடும்.

வால்வ்_அண்ணன்:
நூலுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. உறைந்த பொருளுக்கு அதுவே தலைகீழ்.

உலர்த்தும்போது வேலை முடிந்த இடம் பவரை விட்டுக்கொடுக்கிறது. இளக்கும்போது வேலை முடிந்த இடம்தான் பவரைப் பிடுங்கிக்கொள்கிறது. இந்த அலைவரிசையில் பனிக்கட்டி பவரை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. உருகிய நீரில் உப்பும் அயனியும் கரைந்திருப்பதால் அது பல மடங்கு உறிஞ்சும். எந்த மூலை முதலில் மைனஸ் 2, 1க்கு வருகிறதோ, மீதிப் பவரும் அங்கேதான் போகும். பந்தியில் சாப்பிட்டு முடித்தவன் இலையிலேயே திரும்பத் திரும்பப் பரிமாறுவது போல. நேரம் கூட்டினால் அந்த மூலை வெந்துகொண்டே இருக்கும்.

மூலை ஏன் முந்துகிறது? இரண்டு தட்டுக்கும் நடுவே மின்புலம் நேராக இறங்குகிறது. தனியாக நிற்கும் கட்டியின் விளிம்பில் அது வளைந்து குவியும். மூன்று முகங்கள் கூடும் மூலையில் இன்னும் அதிகம். ஒரு சாண் இடைவெளி விட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் நீங்களே எட்டு மூலை செய்து கொடுக்கிறீர்கள். ஒட்டி அடுக்கினால் மொத்தமும் ஒரே பலகை மாதிரி, கடைசிப் பெட்டிகளின் வெளி விளிம்பு மட்டும்தான் தொல்லை. எல்லாக் கட்டியும் ஒரே உயரமாக இருக்கட்டும். உயரம் கூடிய கட்டிக்கு மேலே காற்று இடைவெளி குறைவு, அது மற்றதைவிட அதிகப் பவர் எடுக்கும். உறையும்போது நடுவில் உப்பிய கட்டி இருந்தால் ஒதுக்குங்கள்.

மேல்தட்டை உயர்த்தியபோது ஏன் பலனில்லை என்றால், வோல்டேஜில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொண்டது. பொருளுக்குள் புலம் குறைந்தது, ஆனால் மூலைக்கும் நடுவுக்கும் உள்ள விகிதம் மாறவில்லை.

மெஷின் தேர்வில் தப்பில்லை. வீட்டு மைக்ரோவேவ் 2450 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12 சென்டிமீட்டர். இளகிய சதையில் அது ஓரிரு சென்டிமீட்டர் இறங்கினாலே பெரிது. 27.12ல் அலைநீளம் 11 மீட்டர், கட்டியின் நடு வரை போகும்.

கோல்டுரூம்_செல்வி:
தம்பி, கோல்டுரூம் மைனஸ் 18 என்றால் பெல்ட்டில் ஏன் மைனஸ் 12? பாலெட் வழியில் எங்கே நிற்கிறது? கன் வேறு மேலே படிந்த பனியைத்தான் காட்டும். மூலை அதைவிடச் சூடாகியிருக்கலாம்.

கையில் பிடிக்கும் டிரில்லில் சுத்தமான பிட் போட்டு, மூலையில் ஒரு துளை, நடுவில் ஒரு துளை. புரோபை இறக்கி எண் நிற்கும் வரை பொறுங்கள். இதை மெஷினுக்கு வெளியேதான் செய்ய வேண்டும். உலோகப் புரோபைச் செருகியபடி உள்ளே அனுப்பினால் அதுவே ஆன்டெனா.

வெள்ளையாக இறுகிய மூலையை வெட்டித் தள்ளிவிடுங்கள். புரதம் ஒரு தடவை வெந்துவிட்டால் பௌல் கட்டரில் உப்புப் போட்டு எவ்வளவு அரைத்தாலும் ஒட்டாது, உருண்டையில் மணல் மாதிரி நெருடும்.

சங்கரா_சிங்கை:
அக்கா கேட்டது சரியான கேள்வி. ஷிப்ட் தொடங்கும் முன்பே பாலெட்டுகளை வெளியே எடுத்து முன்னறையில் வரிசையாக நிறுத்துவது இங்கே வழக்கம், ஃபோர்க்லிஃப்ட் வேறு வேலைக்குப் போய்விடும் என்பதால். துளை போட்டு அளந்தேன். நடுவில் மைனஸ் 17, மூலையில் மைனஸ் 5. மெஷினுக்குள் போகும் முன்பே மூலை இளக ஆரம்பித்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு பாலெட்டாக நேரே உள்ளேயிருந்து வருகிறது. அட்டையை உரித்துவிட்டு பிளாஸ்டிக் உறையோடு ஒட்டி ஒட்டி அடுக்குகிறோம். வெளியே வரும்போது நடுவில் மைனஸ் 5, மூலையில் மைனஸ் 2. வெந்த மூலை இல்லை. ஆனால் டிரிப் நின்றபாடில்லை. இன்னொரு கேள்வி, முதலாளி ஒரேயடியாக 0 டிகிரிக்குக் கொண்டு வரச் சொல்கிறார். முடியுமா?

வால்வ்_அண்ணன்:
முடியாது என்பதை எண்ணாகவே காட்டுங்கள். கொழுப்பில்லாத மீனை மைனஸ் 18லிருந்து மைனஸ் 4க்கு ஏற்ற கிலோவுக்கு 70 கிலோஜூல் போல ஆகும். மைனஸ் 4லிருந்து 0 வரை இன்னொரு 200. பெரும்பாலான பனி உருகுவது அந்த நாலு டிகிரியில்தான். சுரிமியில் சர்க்கரையும் சார்பிட்டாலும் கலந்திருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், படம் மாறாது. 10 கிலோவாட் முழுதாக மீனுக்குள் இறங்குகிறது என்று வைத்தாலும், மைனஸ் 4 வரை என்றால் மணிக்கு 500 கிலோ. 0 வரை என்றால் 130 சொச்சம். அதுவும் மூலை வேகாமல் இருந்தால்.

மைனஸ் 4ல் நிறுத்தி, பிறகு சில்லரில் விடுங்கள். மூலையின் சூடு மெல்ல நடுவுக்குப் போய்ச் சேரும்.

டிரிப்புக்கு வருவோம். பத்து மணிக்கு என்ன நடக்கிறது? லோடிங் பே கதவு திறக்கிறதா? சிங்கப்பூர்க் காற்றின் பனிநிலை வருடம் முழுக்க 24 டிகிரி பக்கம். அதற்குக் கீழே குளிர்ந்த எதுவும் வியர்க்கும். சில மணி நேரம் உறைந்த கட்டி ஓடிய பெல்ட்டும் தட்டும் நன்றாகக் குளிர்ந்திருக்கும். அந்த வியர்வை மீன் சாற்றோடு கலந்து இன்சுலேட்டரில் வழிந்தால் கரன்டுக்குப் பாதை தயார். காலையில் ஓடுவதற்கும் அதுதான் காரணம், ராத்திரியில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. உள்ளே காய்ந்த காற்று ஊதும் புளோயர் இருக்க வேண்டுமே, அது ஓடுகிறதா?

ஈரோட்டுக்காரன்:
புளோயர் சத்தம் கேட்டால் மட்டும் போதாது தம்பி. டக்ட் வாயில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் டிரையரில் பஞ்சு அடைத்துக்கொண்டு இதே கூத்து நடந்திருக்கிறது.

சங்கரா_சிங்கை:
டிஷ்யூ அசையவே இல்லை. ஃபில்டரைக் கழற்றினால் வெள்ளையாக ஒரு அடை, மரவள்ளி மாவு. பக்கத்து அறையில்தான் மாவு கொட்டிக் கலக்குகிறார்கள், அந்தத் தூசும் ஈரமும் சேர்ந்து களியாகி இறுகிவிட்டது. லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் வந்து இறக்கி எர்த் செய்து திறந்தார். மேல்தட்டைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றில் மேலிருந்து கீழாக மயிரிழை அளவுக்குக் கறுப்புக் கோடு. துணியால் துடைத்தால் போகவில்லை. அதை மாற்றி, மற்றதையெல்லாம் துடைத்துக் காயவைத்து மூடினார். புளோயருக்குக் காற்று எடுக்கும் வாயை மாவு அறைப் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டோம்.

மதிய ஷிப்ட் முழுக்க ஓடியது, டிரிப் இல்லை. முதலாளியிடம் அண்ணன் கணக்கைக் காட்டினேன். பௌல் கட்டருக்கு மைனஸ் 3 இருந்தாலே போதும், 0 வந்தால் அரைக்கும்போது சூடேறிவிடும் என்று புரொடக்ஷன் அக்காவும் சொல்லிவிட்டார். பேச்சு அடங்கியது.

கோல்டுரூம்_செல்வி:
ஃபில்டர் சுத்தம் செய்வதை வாராந்திர செக்லிஸ்ட்டில் ஏற்றிவிடுங்கள், யார் பொறுப்பு என்று பெயரோடு.

சங்கரா_சிங்கை:
ஏற்றியாச்சு அக்கா. கடைசியாக ஒன்று. இதே மெஷினில் எலும்போடு இருக்கும் முழுக் கோழி விட முடியுமா?

வால்வ்_அண்ணன்:
விடாதீர்கள். ஒரே உயரம் கிடையாது, இறக்கையும் காலும் நெஞ்சுக்கு முன்னால் வெந்துவிடும். தோல் எலும்பு நீக்கிக் கட்டியாக உறைய வைத்தது என்றால் பேசலாம். அதற்குத் தனி இழை போடுங்கள், கட்டியின் அளவும் உப்பு ஊறியதா இல்லையா என்பதும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.