வணிகக் கட்டடங்களில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம் கட்டாயமாக வேண்டுமா? சேலம் மாநகராட்சிப் பகுதி குறித்து

அஸ்தம்பட்டிவாசி:
ஓமலூர் சாலையிலும் சாரதா கல்லூரிச் சாலையிலும் எழும்பியிருக்கும் பெரிய கடைகளில் பலவற்றுக்குக் கார் நிறுத்தத் தரையடித் தளம் இருக்கிறது. ஆனால் சரக்கு லாரி உள்ளே நுழைய வழியில்லை. அதனால் குளிர்சாதனப் பெட்டியும் துணிப் பொதியும் சாலையில் நின்றபடியேதான் இறக்கப்படுகின்றன. பள்ளி வேன்களும் பேருந்துகளும் பின்னால் காத்து நிற்கின்றன. ஒவ்வொரு 1,000 சதுர மீட்டர் தளப்பரப்புக்கும் ஓர் ஏற்றி இறக்கும் இடத்தைக் கட்டட வளாகத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும் என்று தேசியக் கட்டட நெறிமுறை பரிந்துரைக்கிறது. இதை மாநகராட்சி மன்றம் தீர்மானமாக நிறைவேற்றி, அவ்விடம் காட்டப்படாத வரைபடத்துக்கு அனுமதி மறுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. சாலை மக்களின் வரிப்பணத்தில் போடப்பட்டது. அதை ஒரு தனியார் கடை தன் கிடங்கின் வாசலாக்கிக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

லீபஜார்மண்டி:
ஓமலூர் சாலையை மனத்தில் வைத்து எழுதும் விதி, மொத்த வியாபார மண்டிகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கழுத்தைத்தான் நெரிக்கும். இங்குள்ள மனைகள் முன்பக்கம் குறுகியும் பின்னோக்கி நீண்டும் கிடக்கின்றன. பக்கத்துக் கடைக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். தெருவைத் தவிர வேறு வழி கிடையாது. லாரி உள்ளே வர வேண்டுமென்றால் முகப்பில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு வியாபாரம் செய்யக் கல்லாப்பெட்டி வைக்கும் இடம்தான் மிஞ்சும். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டினால் புதிய விதி பொருந்தும் என்பதால், ஓடு சரிந்த மண்டிகளைக்கூட யாரும் இடித்துக் கட்ட முன்வரமாட்டார்கள்.

மண்டிகளைப் புறவழிச்சாலைக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். ஆத்தூரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வரும் சில்லறைக் கடைக்காரர் பருப்பு, வெல்லம், ஜவ்வரிசி, மசாலாச் சாமான் எல்லாவற்றையும் ஒரே நடையில் நான்கு கடைகளில் விலை கேட்டு வாங்குகிறார் என்பதால்தான் இந்தத் தெரு உயிரோடு இருக்கிறது. அந்தத் தொடர்பு அறுந்தால் திரும்ப ஒட்டாது.

வரைபடப்பொறியாளர்:
இருவருக்கும் ஒரு விவரம் தேவைப்படுகிறது. கட்டட விதிகளை மாற்றும் அதிகாரம் மாமன்றத்திடம் இல்லை. 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. மன்றம் திருத்தம் கோரி அரசுக்குத் தீர்மானம் அனுப்பலாமே தவிர, சேலத்துக்கென்று தனி விதி எழுத முடியாது. தேசியக் கட்டட நெறிமுறையும் அரசு தன் விதிகளில் ஏற்கும் அளவுக்குத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் தெருவில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சரக்கு வண்டி நிற்கலாம் என்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 117-ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து வாகன நிறுத்துமிடங்களை அரசோ அது அதிகாரமளித்த அலுவலரோ வரையறுக்கலாம். ஆகவே செவ்வாய்ப்பேட்டைக்கான தீர்வு மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து உட்காரும் மேசையில் இருக்கிறது.

இனி என் தொழில் சார்ந்த கவலையைச் சொல்கிறேன். வரைபடத்தில் ஒரு செவ்வகம் வரைந்து ‘சரக்கு இறக்குமிடம்’ என்று எழுதுவது எவருக்கும் எளிது. அந்தச் செவ்வகத்துக்குள் வண்டி போய்த் திரும்புமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பெரிய சரக்கு லாரி 2.6 மீட்டர் வரை அகலமும் 12 மீட்டர் வரை நீளமும் கொண்டது. உயரம் ஏறக்குறைய 4 மீட்டர் வரை போகும். கார்களுக்காகக் கட்டிய தரையடித் தளத்தின் உத்தரம் அதை வாசலிலேயே தடுத்துவிடும். உள்ளே திரும்ப இடமில்லாமல் பின்னோக்கி வெளியேறும் லாரி, சாலையோரம் நின்று சரக்கு இறக்கும் லாரியைவிட ஆபத்தானது. குட்டி யானை என்று நாம் சொல்லும் சிறு வண்டிக்கோ 4 மீட்டர் நீளமே போதும். ஆகவே தளப்பரப்பை மட்டும் வைத்து இடங்களை எண்ணுவதைவிட, அந்தக் கடைக்கு எந்த வண்டி வரும் என்று கேட்டு இடத்தை வடிவமைப்பதே முறை. மனை இரண்டு தெருக்களைத் தொட்டால் வாசல் சிறிய தெருப்பக்கம் இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு திறக்கிறது. சான்று கிடைத்ததும் அதே இடத்தில் ஜெனரேட்டர் வந்து உட்காரும், இல்லையென்றால் தகரக் கூரை போட்டு வாடகைக்குப் போகும்.

அஸ்தம்பட்டிவாசி:
பொறியாளர் சொன்ன அந்த ஓட்டையை அடைப்பதற்கு மாநில அரசின் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வணிக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள இறக்குமிடம் திறந்திருக்கிறதா என்று மாநகராட்சி ஊழியர் நேரில் பார்க்கட்டும். செவ்வாய்ப்பேட்டை நண்பரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீண்ட குறுகிய மனைகளைக் காட்டி, அரை ஏக்கர் மனையில் கட்டும் துணிக்கடைக்கும் விலக்கு வாங்கித் தருவதை ஏற்க மாட்டேன்.

சுமைப்பணிக்காரன்:
மூட்டையைத் தூக்குபவரைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குத் தெருமுனையில் பொது இறக்குமிடம் வைக்கலாம், இரவில் மட்டும் இறக்கலாம் என்றெல்லாம் காகிதத்தில் எழுதினால் அழகாக இருக்கும். சர்க்கரை மூட்டை 50 கிலோ, ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ. கடை வாசலில் இறக்கினால் பத்தடி நடை. தெருமுனையில் இறக்கினால் அதே மூட்டையோடு, இருசக்கர வாகனங்களுக்கும் சாக்கடை மூடிகளுக்கும் இடையே நெடுந்தூரம் நடக்க வேண்டும். இறக்குக்கூலி மூட்டைக் கணக்கில் பேசப்படுகிறதே தவிர நடைக் கணக்கில் பேசப்படுவதில்லை. இரவில் மட்டும் இறக்கலாம் என்று நேரம் வைத்தால், அந்த இரவு வேலைக்குத் தனிக் கூலி உண்டா, தெருவிளக்கு எரியுமா, தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்குமா என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும்.

லீபஜார்மண்டி:
அவர் கேட்பது நியாயமானது. கூலி உயர்வை வியாபாரிகள்தான் ஏற்க வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரவில் மட்டும் என்ற நேரக் கட்டுப்பாட்டை நான் எதிர்க்கிறேன். வெளியூர் லாரி விடியலில் வந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. வாங்கிய சரக்கை ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகள்தான் பகல் முழுவதும் நிற்கின்றன. சில்லறைக் கடைக்காரர் பகலில்தான் வருவார், அவரை இரவில் வரச் சொல்ல முடியாது. சிறு வண்டி நின்று ஏற்றிக்கொண்டு போகத் தெருவின் ஒரு பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு இடம் ஒதுக்கி, அந்தக் கோட்டுக்குள் காரும் பைக்கும் நிற்காமல் காவலர் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும்.

வரைபடப்பொறியாளர்:
ஒரு பக்க ஒதுக்கீடு நடக்கக்கூடிய யோசனைதான். ஆனால் அது நிலைக்க வேண்டுமென்றால், ஒரு வண்டி எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று பலகையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வந்த முதல் வண்டியே மாலை வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேர வரம்புக்கு உங்கள் சங்கம் சம்மதிக்குமா?

லீபஜார்மண்டி:
அரை மணி நேரம் என்றால் கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன். அதற்குக் குறைத்தால் 20 மூட்டைகூட ஏற்ற முடியாது. நான் சம்மதிக்க மாட்டேன்.