40 பேர், 5,000 ரூபாய், மொட்டை மாடி: மதிய பிரியாணியா, மாலை டிபனா?

மாடிவீடு: பையனின் 5-ஆவது பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை. பெரியவர்கள் 25, பிள்ளைகள் 15. கையில் 5,000 ரூபாய்தான். மதியம் கோழி பிரியாணி போடலாமா, மாலை டிபனோடு முடிக்கலாமா?

வெங்கலப்பானை: மாலை டிபன்தான். செலவு குறைவது முதலில் நேரத்தில்தான். 4 முதல் 6.30 மணி வரை, ‘மாலைச் சிற்றுண்டி’ என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டை எதிர்பார்த்து வருவார்கள். கேசரி, சுண்டல், போண்டா, நன்னாரி சர்பத் போதும். கேசரிக்கு ரவை 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், சர்க்கரை 1.5 கிலோ, நெய் 400 கிராம். ரவை நன்றாக வெந்த பிறகே சர்க்கரை. முன்னாலேயே கொட்டினால் ரவை வேகாமல் நறநறவென்று நிற்கும். கொண்டைக்கடலை 1.5 கிலோவை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். தேங்காயைப் பரிமாறும் நேரத்தில் கலந்தால்தான் வெயிலில் சுண்டல் ஊசிப்போகாது.

தம்அடுப்பு: ஒத்துக்கொள்ள மாட்டேன். போண்டா ஆறினால் எண்ணெய் கோத்துக்கொள்ளும். அதனால் ஒருத்தர் விழா முழுக்க அடுப்படியில் நிற்கணும். வீட்டில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும்! பிரியாணி என்றால் 12 மணிக்கே அடுப்பை அணைத்துவிடலாம். இந்தக் கூட்டத்துக்குச் சீரகச் சம்பா 3.5 கிலோ, கோழி 4.5 கிலோ, வெங்காயம் 1.5, தக்காளி 1, தயிர் அரை லிட்டர். அரிசி 20 நிமிடம் ஊறினால் போதும். அளந்த பாத்திரத்தாலேயே அரிசி 1-க்குத் தண்ணீர் 1.5. தக்காளி, தயிர், கறி விடுகிற நீரும் அந்த ஒன்றரைக்குள் அடக்கம். அதை மறப்பதால்தான் குழைந்துபோகிறது.

வெங்கலப்பானை: அளவெல்லாம் சரி, பாத்திரம்? இதற்கு 20 லிட்டருக்குக் குறையாத தேக்சா வேணும். வீட்டு அடுப்பில் அடியின் நடுப்பகுதிக்குத்தான் சூடு போகும். நடுவில் அடிபிடிக்கும், ஓரத்தில் அரிசி விறைத்து நிற்கும். தேக்சா, பெரிய அடுப்பு, சிலிண்டர் என்று வாடகையும் ஏறும்.

தம்அடுப்பு: ஒரே தேக்சாவில் ஏன் போடணும்? ஒன்றே முக்கால் கிலோ வீதம் இரண்டு பாத்திரம், இரண்டு பர்னர். தண்ணீர் வற்றி அரிசி மேலே தெரிந்ததும் அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, மூடிமேல் கனம் ஏற்றி, 20 நிமிடம் சிறு தீ. அடிபிடிக்காது. 10 நிமிடம் கழித்துத் திறந்து, ஓரத்திலிருந்து கரண்டி விடுங்கள்.

கண்ணாமூச்சி: இரண்டு பேரும் அடுப்பை விட்டு நகரவே இல்லை. பிள்ளைகள் 15 பேர் என்ன செய்வார்கள்? மதியம் மாடித்தளம் காலைச் சுடும், பலூன் வெயிலில் வெடிக்கும். அதனால் மாலைதான், அதுவும் 4 வேண்டாம், 5 மணி. பலூனை முக்கால் அளவுக்கே ஊதுங்கள். நாற்காலிக்குப் பதில் செய்தித்தாள் விரித்துப் பாட்டு நின்றதும் ஏறி நிற்கும் ஆட்டம், ஸ்பூனில் எலுமிச்சை, செலவே இல்லை. உறியடிக்கு மண்பானை வேண்டாம், ஓடு வெறுங்காலைக் கிழிக்கும். மிட்டாய் போட்ட அட்டைப்பெட்டி போதும். பெரியவர்களுக்குத் தம்போலா: 1 முதல் 90 வரை எண்கள், சீட்டுக்கு 3 வரிசை, வரிசைக்கு 5 எண். கையாலேயே எழுதலாம். கேக் வெட்டுவதற்கு அரை கிலோ போதும், பரிமாறக் கேசரி இருக்கிறது.

தம்அடுப்பு: வெயில் விஷயம் நியாயம். அப்படியென்றால் பிரியாணியை இரவு 7 மணிக்கு வையுங்கள்.

வெங்கலப்பானை: 5 மணிக்கு வந்த பிள்ளைகளுக்கு 7 வரை என்ன கொடுப்பது? அங்கேயே டிபன் செலவும் சேர்ந்துவிட்டதே. போண்டாவை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். மூன்று அயிட்டமே நிறைவு. சர்பத்துக்கு எலுமிச்சையை ஊற்றும்போதுதான் பிழியணும், முன்னாலேயே பிழிந்தால் கசக்கும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள். மாடிவீடு, 40 பேரில் சைவம் எத்தனை?

மாடிவீடு: 14.

தம்அடுப்பு: 14 பேருக்குத் தனிப் பாத்திரத்தில் காய்கறி பிரியாணி என்றால் மூன்றாவது அடுப்பு வேணும். இந்தக் கூட்டத்துக்கு டிபனே போடுங்கள். ஆனால் சுண்டலை 2 கிலோவாக்குங்கள், போண்டா இல்லாத இடத்தை அதுதான் நிரப்பணும்.