ஊட்டி பழைய வீட்டுக் கணப்பு: புகை அறைக்குள் திரும்புகிறது, ஸ்டவ் வைக்கலாமா?

கேள்வி
வணக்கம். தாத்தா காலத்து வீட்டுக்குப் போன மாதம் குடிவந்தோம். கூடத்துக் கணப்பை (சுவரோடு கட்டிய ஃபயர்பிளேஸ்) இருபது வருஷமாக யாரும் பற்றவைக்கவில்லை. நேற்று சீகை (வாட்டில் மரம்) விறகு அடுக்கிப் பற்றவைத்தேன். அஞ்சே நிமிஷத்தில் வீடு முழுக்கப் புகை. அம்மாவுக்கு வீசிங் உண்டு, பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். கணப்பு வாய் 36 அங்குல அகலம், 30 உயரம். பேசாமல் ஒரு இரும்பு விறகு ஸ்டவ்வை உள்ளே வைத்து, அதன் குழாயைப் புகைபோக்கிக்குள் நுழைத்துவிடலாமா?

கோத்தகிரி கொத்தனார்
தம்பி, இனிமே தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல செங்கல் விண்டுரும். சாம்பலப் போட்டு மூடுங்க. கணப்புக்குள்ள ஒரு கண்ணாடியச் சாய்ச்சு வச்சு மேல பாருங்க, வானம் தெரியணும். இருபது வருஷம்னா குருவிக்கூடு, தேன்கூடு, இடிஞ்ச கல்லு எதுவும் இருக்கும். அதை எடுக்காம தீயே மூட்டாதீங்க. புகைவழி உள்ளளவும் சொல்லுங்க.

கேட்டவர்
பாதி வானம்தான் தெரிந்தது. ஆள் வைத்துச் சுத்தம் செய்ததில் கூடும் ஒரு சாக்குக் கரியும் வந்தன. உள்ளளவு 9க்கு 9. புகை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

லவ்டேல் வாசி
அண்ணா, கணக்கு அங்கேதான் இடிக்கிறது. வாய் 1080 சதுர அங்குலம், புகைவழி 81. பதிமூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. பத்தில் ஒன்றாவது வேண்டும், எட்டில் ஒன்று இருந்தால் நிம்மதி. சின்னத் தீ மூட்டி, வாயின் மேல்பக்கத்திலிருந்து ஒரு தகரத்தை மெல்லக் கீழே இறக்குங்கள். புகை எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் கணப்புக்குச் சரியான உயரம். எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்துத்தான் அடியில் இரண்டு வரிசை செங்கல் ஏற்றினோம்.

ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்று லேசு, இழுப்பும் குறைவு. அதனால் முதலில் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி மேலே பிடித்துப் புகைவழியைச் சூடாக்குங்கள். சீகையோ கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), பிளந்து ஒரு வருஷமாவது கூரைக்கடியில் காய்ந்திருக்க வேண்டும்.

ஸ்டவ் நல்லதுதான், விறகும் மிச்சம். ஆனால் குழாயைச் சும்மா நுழைத்தால் புகை பெரிய வழியில் குளிர்ந்து, சுவரில் தார் படியும். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் உள்ளேயே புகைபோக்கி எரியும். பழைய சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விட்டிருந்தால் தீ கூரை மரத்துக்கே போகும். உச்சிவரை 6 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கி, கீழே தகடு வைத்து அடைக்க வேண்டும். செலவு அதில்தான்.

கேட்டவர்
தகரம் 22 அங்குலத்தில் நின்றது! செங்கல் வைத்து உயரத்தைக் குறைத்தேன், அகலத்தையும் 30 ஆக்கினேன். நேற்று இரவு துளிப் புகை இல்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டவ் அடுத்த குளிருக்கு.

கோத்தகிரி கொத்தனார்
ரொம்ப சந்தோசம் தம்பி. தணல் இருக்கறப்ப புகைவழிய அடைக்கிற தகட்ட மூடிட்டு மட்டும் படுத்துராதீங்க, ஜன்னல் ஒரு விரக்கடை திறந்தே இருக்கட்டும். தணல்ல வர்ற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி அம்மா ரூம்ல மாட்டுங்க.