மறுமொழி: அம்பின் ஸ்பைனுக்கு 'துவளல்'

அன்புள்ள நண்பர்களுக்கு,

அம்புத் தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை வில்வித்தையில் ஆங்கிலத்தில் 'ஸ்பைன்' (spine, நேர்ப்பொருள் முதுகெலும்பு) என்கிறார்கள். நம் அகராதிக்கு அதன் தமிழ்ச் சொல் எது என்ற உரையாடலுக்கு என் மறுமொழி இது. மேற்கோள் வரிகள் உங்கள் கேள்விகள்.

> ஸ்பைன் என்பதற்குக் 'கணை முதுகெலும்பு' என்றே வைத்துவிடலாமா? மாற்றுச் சொல் எதுவும் வரவில்லையே.

ஐயா, இதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வில்லுக்கு முதுகும் வயிறும் ஏற்கெனவே உண்டு. எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. மரவில் செய்பவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள் இவை. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு அமுங்கும். முதுகில் ஒரு நார் அறுந்தால் போதும், வில் போயிற்று. இப்படியிருக்க அம்புக்கும் ஒரு முதுகெலும்பைக் கொடுத்தால் 'முதுகு பலமாக இருக்க வேண்டும்' என்ற வரியைப் படிக்கும் புதியவர் வில்லைத் தடவிப் பார்ப்பாரா, அம்பைத் தடவிப் பார்ப்பாரா? மேலும், அம்பின் உள்ளே எலும்பு போல எந்த உறுப்பும் கிடையாது. நாம் பெயர் தேடுவது ஒரு பண்புக்கு.

அந்தப் பண்பை அளக்கும் விதத்தைப் பார்த்தாலே சொல் பாதி கிடைத்துவிடும். 29 அங்குல நீளமுள்ள அம்புத் தண்டு ஒன்றை, 28 அங்குல இடைவெளியில் உள்ள இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்துகிறார்கள். நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். தண்டின் நடுப்பகுதி எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்தத் தண்டு 500, 0.4 அங்குலம் இறங்கினால் 400. கார்பன் தண்டுகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண் இதுதான். ஆக, எண் கூடக் கூட அம்பு இளக்கமானது. 300 என்பது விறைத்தது, 600 என்பது நன்றாக வளைவது.

> விறைப்பு என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அக்கா, பண்பை விளக்கும்போது விறைப்பு என்று எழுதுவதில் எனக்குத் தடையே இல்லை. 'விறைப்பான அம்பு' என்றால் யாருக்கும் புரியும். இடர் எண்ணில் வருகிறது. 'விறைப்பு எண் 600' என்று எழுதினால், 300ஐ விட இரண்டு மடங்கு விறைப்பு என்றுதான் எவரும் படிப்பார். உண்மை நேர் எதிர். கடையில் தவறான அம்பை வாங்கவைக்கும் கலைச்சொல் நமக்கு வேண்டாம். இன்னொன்று: இயற்பியல் பாடநூல்களில் 'விறைப்புக் குணகம்' வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. அது சறுக்குப்பெயர்ச்சி, அதாவது பொருளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது தொடர்பானது. நம்முடையது வளைவது தொடர்பானது. விறைப்பும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மாணவருக்கு அந்தக் குணகம்தான் நினைவுக்கு வரும்.

மரத்தண்டுகளில் கதை தலைகீழ் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கான பழைய முறையில் தாங்கிகளின் இடைவெளி 26 அங்குலம், எடை 2 பவுண்டு. 26ஐ இறக்கத்தால் வகுத்தால் வருவது பவுண்டுக் கணக்கு. 0.52 அங்குலம் இறங்கும் தண்டு 50 பவுண்டுத் தண்டு. இங்கே எண் கூடினால் விறைப்பும் கூடும். சீடார் என்ற மரத்தின் தண்டுகளை 45-50, 50-55 என்று கட்டுக்கட்டாகப் பிரித்து விற்பது இந்தக் கணக்கில்தான். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், 500 என்று அச்சிட்ட கார்பன் தண்டு மரக்கணக்கில் ஏறத்தாழ 63 பவுண்டு. இதை அறியாமல், 50 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு 500 பொருத்தம்போலும் என்று எண் ஒற்றுமையை நம்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

எனவே என் முன்மொழிவு: துவளல்.

கார்பன் தண்டின் எண்ணுக்குத் 'துவளெண்' என்று பெயர் வைத்தால், எண் கூடினால் துவளல் கூடுகிறது. பெயரும் பொருளும் ஒரே திசையில் போகின்றன. மரத்தண்டுக்கு 'விறைப்பு 50 பவுண்டு' என்று எழுதலாம். அங்கே விறைப்பு சரியான திசையில் நிற்கிறது. அளக்கும் கருவிக்குத் 'துவள்மானி'.

> துவளுதல் என்றால் சோர்ந்து போவது அல்லவா? 'துவண்டு போனான்' என்கிறோம்.

சரிதான். ஆனால் அது அந்தச் சொல்லின் ஒரு முகம். காற்றில் கொடி துவள்கிறது என்கிறோமே, அங்கே சோர்வு எங்கே இருக்கிறது? வளைந்து கொடுத்து, ஒடியாமல், மறுபடி நிமிர்வது அது. அம்பு செய்வது அதையேதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்.

இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லின் நியாயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மரபு வில்லில் அம்பு வில்லின் நடுவே போவதில்லை. பிடியின் பக்கவாட்டில் உரசி நிற்கிறது. நாணை முழுதாக இழுத்து நிற்கையில் இலக்கை நோக்கும் அம்பு, நாண் முன்னே வர வரப் பக்கவாட்டில் விலகித் திரும்ப வேண்டும். கணக்குப்படி அது இலக்கைத் தவறவிட வேண்டும். ஆனால் தவறவிடுவதில்லை. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படப்பிடிப்பில் அம்பை எடுத்துக் காட்டியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. விரல்களிலிருந்து நழுவும் நாண் சற்றுப் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. பின்னால் நாண் தள்ள, முன்னால் முனையின் எடை தடுக்க, தண்டு வளைகிறது. முதலில் நடுப்பகுதி வில்லின் பக்கம் வளையும். அடுத்த நொடிச்சிதறலில் வெளிப்பக்கம் வளையும். அந்த வளைவிலேயே பிடியைச் சுற்றி, இறகு கூட உரசாமல் கடந்துவிடும். கடந்த பிறகும் இடமும் வலமுமாகத் துவண்டுகொண்டே போய் மெல்ல அடங்கும். இப்படித் துவளும்போது தண்டில் இரண்டு புள்ளிகள் மட்டும் அசைவின்றி இலக்கின் திசையிலேயே செல்லும். இயற்பியலில் அவற்றைக் கணு என்கிறோம். (மூங்கில் அம்பு செய்பவர்களிடம் பேசும்போது மட்டும் 'அதிர்வுக் கணு' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குக் கணு என்றால் மூங்கிலின் கணுதான்.)

வில்லின் விசைக்கு ஏற்ற அளவு துவண்டால் அம்பு நேரே போகும். துவளாத அம்பு பிடியில் மோதி விலகும். அளவுக்கு மேல் துவள்வது மறுபக்கம் போகும். வலக்கைக்காரர் விரல்களால் இழுத்து எய்தால், விறைத்த அம்பு இடப்பக்கமும் இளகிய அம்பு வலப்பக்கமும் போகும். கட்டைவிரலால் நாணை இழுக்கும் முறையில் அம்பு வில்லின் மறுபக்கம் அமர்வதால் இதுவும் மாறிவிடும். அதனால் நம் வரையறைக்குள் இடம், வலம் எதையும் நுழைக்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து, இரண்டாவது சொல். அச்சிட்ட எண் ஒன்று, வில்லிலிருந்து புறப்படும்போது அம்பு உண்மையில் துவள்வது வேறொன்று. தண்டை ஓர் அங்குலம் வெட்டினாலும் அதன் மேல் 500 என்றுதான் இருக்கும். ஆனால் தண்டு வளைவது நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், 29 அங்குலத்தை 28 ஆக்கினால் வளைவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். வேட்டைக்காக 100 கிரெயின் முனையைக் கழற்றி 200 கிரெயின் அகல்முனையை (அகன்ற வெட்டு விளிம்புள்ள வேட்டை முனை) பூட்டினால், 6.5 கிராம் இருந்த இடத்தில் 13 கிராம். அதே தண்டு இப்போது கூடுதலாகத் துவளும். களத்தில் வட்டப்பலகையைத் துளைத்துக்கொண்டிருந்த அம்பு அகல்முனை மாட்டியதும் ஏன் விலகுகிறது என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பகுதி இதுதான். விலங்கை நோக்கி எய்யும் இடத்தில் இந்த விலகல் ஓர் உயிரை வதைக்கும் காயமாக முடியும். ஆகவே இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெளிவான பெயர் வேண்டும்.

இதற்கு ஒரு நண்பர் 'எய்துவளல்' என்று அனுப்பியிருந்தார். அழகான வினைத்தொகைதான், ஆனால் கண் அதை 'எய்து' என்று பிரித்துவிட்டு 'வளல்' என்றால் என்ன என்று திகைக்கிறது. 'எய்கைத் துவளல்' என்று விரித்தே எழுதுவோம். அச்சிட்ட எண்ணைக் குறிக்கத் 'துவளெண்' போதும். அதற்கு எதிராக 'நிலைத் துவளல்' என்று இன்னொன்றைப் படைக்க வேண்டியதில்லை.

> எல்லாரும் ஸ்பைன் என்றுதானே சொல்கிறார்கள், அப்படியே விட்டால் என்ன?

களத்தில் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஸ்பைனிலிருந்து ஒரு வினை பிறக்கவில்லை. 'ஸ்பைன் குறைவாக இருப்பதால் அதிகமாக வளைந்து' என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. துவளல் வினையிலிருந்து வந்த சொல். துவள்கிறது, துவளாது, துவளவிடு, துவள்மானி, துவளெண் என்று எழுதுபவர் கையில் ஒரு குடும்பமே கிடைக்கிறது. இறகு கட்டாத அம்பை எய்து சோதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'மொட்டை அம்பு' என்று நம்மவர்கள் சொல்வதே போதும், அதற்குப் புதுச்சொல் வேண்டாம். 'மொட்டை அம்பு வலப்பக்கம் குத்தினால் துவளல் மிகுதி. முனை எடையைக் குறைத்துப் பார்' என்று ஒரே வரியில் பயிற்சி சொல்ல முடிகிறது.

அகராதிப் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

துவளல்: வளைவிசைக்கு அம்புத் தண்டு வளைந்து கொடுக்கும் தன்மை. துவளெண்: 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் ஏற்படும் இறக்கம், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளில். எய்கைத் துவளல்: வில்லிலிருந்து புறப்படுகையில் அம்பு துவளும் அளவு, தண்டின் நீளம், முனையின் எடை, வில்லின் விசை, நாணை விடும் முறை ஆகியவற்றால் மாறும்.

மறுப்பு இருந்தால் வரையறையின் எந்தச் சொல்லில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். குறிப்பாக, மூங்கில் தண்டில் வேலை செய்பவர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அடிக்கும் நுனிக்கும் பருமன் மாறும் தண்டை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பி வைத்து அளக்கிறீர்கள்? அது தெரிந்தால் துவளெண்ணின் வரையறையில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.